மூடி திறந்திருந்த நேரம்

அந்த அக்காவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மரியாதை, அடக்கம் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். பெயரைச் சொன்னால் யாராவது தேடிப் போய்ப் பார்ப்பார்கள். பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் அவரைப் பிடித்துப்போகும். அப்புறம் என்னிடமே திரும்பி வந்து, "எப்பேர்ப்பட்ட மனுஷி!" என்பார்கள். அதை நான் கேட்க வேண்டிய அளவுக்கு மேலேயே கேட்டாயிற்று.

ஒத்தக்கடை தாண்டி, மேலூர் ரோட்டில் இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தோம். கற்றாழை நாரையும் பாறை நூலையும் அடுக்கடுக்காக வைத்து, இடையில் பிசினைப் பூசி, இறுக்கி அழுத்தித் தகடு செய்வதுதான் வேலை. பாறை நூல் என்பது எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த நூல். அதைத் துணியாக நெய்து, பாய் மாதிரிச் சுருட்டி அனுப்புவார்கள். கற்றாழை நார் லேசானது, மலிவானது, ஆனால் தண்ணீரைக் கண்டால் குடிக்கும். பாறை நூல் குடிக்காது, உறுதியானது, ஆனால் கனம். இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை இன்னொன்று மறைக்கும் என்பது கணக்கு. செய்த தகட்டைச் சிறு சிறு பட்டைகளாக அறுத்து, இயந்திரத்தில் மாட்டி இழுப்போம், வளைப்போம், சுத்தியலால் அடிக்க விடுவோம். எல்லாமே கடைசியில் உடையும். எவ்வளவு தாங்கிய பிறகு உடைந்தது என்பதுதான் எங்களுக்குப் பட்டம் வாங்கித் தர வேண்டிய விஷயம்.

இந்த வேலைக்கு நான் பிறவியிலேயே பொருத்தமானவன் என்று எனக்கு ஒரு எண்ணம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற நெசவுக் குடும்பம் எங்களுடையது. "நூலும் நாரும் எங்க ரத்தத்துல ஓடுது சார்" என்று சேர்ந்த முதல் நாளே பேராசிரியரிடம் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் கடைசியாகத் தறியில் உட்கார்ந்தவர் என் பெரியப்பா. நான் பிறப்பதற்கு முன்பே அதை விட்டுவிட்டு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டப் போய்விட்டார் என்பதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நான் சேர்ந்து ஆறு மாதம் கழித்து அக்கா வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போன பிறகு மறுபடி படிக்க வந்தவர். காலையில் ஒரு பஸ் பிடித்து ஆரப்பாளையம், அங்கிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து ஒத்தக்கடை. ஒன்பது மணிக்கு நான் பைக்கில் வந்து இறங்கும்போது அவர் ஏற்கெனவே வந்து, சேலைக்கு மேலே நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, சிக்கெடுக்கிற மரச் சீப்பால் கற்றாழை நாரைச் சீவிக்கொண்டிருப்பார். முதல் நாளே என்னைப் பார்த்து, "வாங்க தம்பி" என்றார். என் ஆய்வுக்கூடத்துக்கு என்னையே வரவேற்றார். அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. எது நடந்தாலும் அதில் எழுதுவார். பிசின் எத்தனை மணிக்குக் கலந்தார், அப்போது வெயிலா மேகமா, மின்விசிறி ஓடியதா, பிசினைப் பரப்புகிற உருளையை ஓட்டும்போது கை நடுங்கியதா, எல்லாம். ஒரு தடவை அவர் பூசிக்கொண்டிருந்த ஈரப் பிசினில் உத்தரத்திலிருந்து பல்லி விழுந்தது. நானாக இருந்தால் அந்தத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருப்பேன். அக்கா குச்சியால் பல்லியை எடுத்து ஜன்னல் வழியாக விட்டார். பிறகு நோட்டை எடுத்து, 'பல்லி விழுந்தது, வால் பட்ட இடத்தில் நான்காவது பட்டை வரும்' என்று எழுதினார். காய்ந்த பிறகு அறுத்து, அந்த நான்காவது பட்டையையும் இயந்திரத்தில் மாட்டினார்.

"அதை எதுக்குக்கா இழுக்கிறீங்க? பல்லி விழுந்த தகடுன்னு ஊருக்குச் சொல்லவா?" என்றேன்.

"விழுந்துச்சுல்ல தம்பி. நடந்ததை எழுதணும்ல" என்றார்.

பட்டை பல்லி விழுந்த இடத்திலேயே உடைந்தது. அக்காவுக்கு என்ன சந்தோஷம்! "பார்த்தீங்களா, வால் பட்ட இடம்!" என்று இரண்டு துண்டையும் பொருத்திப் பொருத்திக் காட்டினார். பிறகு அவற்றை நூலால் கட்டி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார். அந்த மாதிரி டப்பாக்கள் அவர் மேஜைக்குக் கீழே வரிசையாக இருந்தன. உடைந்த எதையும் அவர் எறிந்ததில்லை.

நான் எறிவேன். எல்லோரும்தான் எறிவார்கள். ஒரு தகட்டிலிருந்து ஐந்து பட்டை அறுத்து இழுத்து, ஐந்துக்கும் சராசரி எடுக்க வேண்டும் என்பது வழக்கம். நான்கு நன்றாகத் தாங்கி, ஒன்று மட்டும் சீக்கிரமே மடக்கென்று போய்விட்டால், சராசரி இறங்கிவிடும். அப்போது நாங்கள் என்ன செய்வோம் என்றால், ஆறாவதாக ஒரு பட்டையை அறுத்து இழுப்போம். அது நன்றாக வந்தால், போன ஒன்று பிறக்கவே இல்லை. அதற்காகவே ஓரத்தில் கூடுதலாக ஒரு பட்டை அறுத்து வைத்திருப்போம். இது யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காத, எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

ஒரு நாள் நான் ஆறாவதை மாட்டும்போது அக்கா பக்கத்தில் நின்றிருந்தார்.  நான் குப்பைக் கூடையில் போட்ட பட்டையைக் குனிந்து எடுத்து, உடைந்த வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உள்ளுக்குள்ள காத்துக் குமிழி இருக்கு தம்பி. இங்கன பாருங்க, வெள்ளையா. இதையும் எழுதிருங்க, பின்னாடி உதவும்."

"எழுதுறேன்க்கா" என்றேன். எழுதவில்லை.

என் வரைபடங்கள் அழகாக இருக்கும். புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில், வரிசையில் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. அக்காவின் வரைபடத்தில் புள்ளிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். ஆனால் வெளியிலிருந்து யாராவது ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்தால், பேராசிரியர் நேராக அவர் மேஜைக்குத்தான் கூட்டிப் போவார். "இந்தம்மா எழுதுனா எழுதுனதுதான். நம்பி வண்டி ஓட்டலாம்" என்பார். பிறகு போகிற போக்கில் என்னைப் பார்த்து, "இவரும் நம்ம பையன்தான்" என்பார். அந்த 'உம்' என் நெஞ்சில் கிடந்து அறுக்கும். ராத்திரி சாப்பாட்டில் கை வைத்தால் அதுதான் ஞாபகம் வரும்.

எழுதுவதோடு விட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். கையும் அவருக்கு வந்தது. உருளையை அவர் ஓட்டினால் குமிழி இல்லாமல், அடியில் இருக்கிற நார் வரி வரியாகத் தெரியும். நான் ஓட்டினால் சொறி பிடித்த மாதிரி இருக்கும். ஒரு நாள் பாறைத் துணியை விரலால் தடவிப் பார்த்து, "கல்லுல போயி நூல் விட்டிருக்கான் பாருங்க தம்பி. உங்க வீட்டுல எல்லாரும் நெசவுல்ல, உங்களுக்கு இது இன்னும் நல்லாப் புரியும்" என்றார். கிண்டல் துளியும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. வீட்டிலிருந்து நான் கொண்டு போகிற புளியோதரையை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இதுக்கு ஈடே இல்ல" என்று ஒவ்வொரு தடவையும் மனசாரச் சொல்கிற ஒருவரை எப்படி நிம்மதியாக வெறுக்க முடியும்? பொறாமைப்படுகிறவனுக்கு எதிராளி கொஞ்சமாவது கெட்டவராக இருந்து ஒத்துழைக்க வேண்டும். அக்கா அந்த உதவியைக்கூடச் செய்யவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில், பஸ் இருக்கைக்கு முதுகுப் பலகை செய்கிற ஒரு கம்பெனிக்காரர்கள் பேராசிரியரைத் தேடி வந்தார்கள். இரும்புக்குப் பதிலாக எங்கள் தகட்டைப் போட முடியுமா என்று பார்க்கிறார்களாம். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு தகடு செய்ய வேண்டும், வெள்ளிக்கிழமை அவர்கள் கண் முன்னால் இழுத்துக் காட்ட வேண்டும். யாருடைய தகடு தாங்குகிறதோ அவருக்கு அந்தக் கம்பெனியில் நிரந்தர வேலை. பேராசிரியர் இதைச் சொன்னபோது எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் பேச்சு முடிகிற இடத்தில் கண் அக்கா மீது போய் நின்றது.

மழைக் காலத்தில் கற்றாழை நார் பெரிய தொல்லை. காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய நாரைப் பிசின் சரியாகப் பிடிக்காது. தகடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், இழுத்தால் காலை வாரிவிடும். அதனால் அக்கா நாரை அடுப்பில் காயவைத்து, எடை பார்த்து நோட்டில் எழுதி, சூடு ஆறும் முன்னே இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் அடைத்துவிடுவார். முறுக்கு போட்டு வைக்கிற பெரிய டப்பா அது, வீட்டிலிருந்து கொண்டு வந்தது. அதைப் பார்த்து நானும் ஒரு டப்பா வாங்கியிருந்தேன். எங்கிருந்து கற்றுக்கொண்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலையிலேயே அக்கா நாரைக் காயவைத்து டப்பாவில் அடைத்துவிட்டார். மதியம், "தம்பி, பிசின் தீந்திருச்சு, ஸ்டோர்ல போய் எழுதிக் கொடுத்து வாங்கியாரேன்" என்று போனார். ஸ்டோர் என்றால் கையெழுத்து, முத்திரை, இரண்டு பேருக்குக் காத்திருப்பது. மதியச் சாப்பாட்டு நேரம் வேறு. சீக்கிரம் வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். வெளியே நல்ல மழை. கூடத்தில் நான் மட்டும்தான்.

முதலில் சும்மா பார்க்கத்தான் மூடியைத் திறந்தேன். நம்புகிறவர்கள் நம்பலாம். உள்ளே நார் சீவி முடித்த கூந்தல் மாதிரி படிந்து கிடந்தது. ஒரு சிக்கு இல்லை. அதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது எனக்கு. என் டப்பாவில் இருக்கிற நார் எப்படிக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியுமே. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மூடியை மேஜையில் வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். சாரல் உள்ளே வரவில்லை, ஈரக் காற்று மட்டும் வந்தது. அதுவே போதும் என்று தெரிகிற அளவுக்கு நான் படித்திருந்தேன்.

அப்புறம் பஸ் நிறுத்தத்துப் பக்கம் இருக்கிற டீக்கடைக்குப் போனேன். ஒரு டீ குடித்தேன். "மழை விடுறாப்ல இல்லையே அண்ணே" என்று கடைக்காரரிடம் பேசினேன். இன்னொரு டீ குடித்தேன். கல்லூரிக்குத் திரும்பி, ஜன்னலைச் சாத்தி, மூடியை அமுக்கி மூடினேன். 'டப்' என்று சத்தம் வருகிற வரை அமுக்கினேன்.

அக்கா பிசினோடு வந்தார். நேரமாகிவிட்டது, அடுக்கி முடித்துவிட்டு மூன்று பஸ் மாறி வீடு போக வேண்டும். வந்த வேகத்தில் பிசினில் ஹார்ட்னரைக் கலந்தார். அதைக் கலந்துவிட்டால் அது இறுக ஆரம்பித்துவிடும், நின்று யோசிக்க நேரம் கிடையாது. டப்பாவைத் திறந்தார், நாரை எடை வைத்தார், எண்ணை நோட்டில் எழுதினார், அடுக்க ஆரம்பித்தார். காலையில் எழுதிய எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நான் எதிர் மேஜையில் உட்கார்ந்து என் தகடு ஒட்டாமல் வர அச்சுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். முதலில் என் தகடு. ஐந்து பட்டையும் தாங்கின. ஆறாவதுக்கு வேலையே வரவில்லை. அடுத்து அக்காவுடையது. முதல் பட்டை, நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம், காய்ந்த அப்பளம் மாதிரிப் போனது. இரண்டாவதும் அப்படியே. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற பட்டை இருக்காம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் ஒரே தகடுதான் சார். எல்லாம் இப்படித்தான் போகும்" என்றார் அக்கா. மிச்ச மூன்றையும் அவரே மாட்டி இழுத்தார். பிறகு கம்பெனிக்காரர்களைப் பார்த்து, "இந்தத் தகடு சரியில்லைங்க. ஏன்னு இன்னும் தெரியல. தெரிஞ்சா எழுதுவேன்" என்றார்.  உடைந்த பத்துத் துண்டுகளையும் பொறுக்கி, ஜோடி ஜோடியாக நூலால் கட்டினார்.

வேலை எனக்குக் கிடைத்தது. மேலூர் தாண்டி அவர்களுக்குத் தொழிற்சாலை. என் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த மாதம் சேர்வதாகச் சொன்னேன். எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தேன். அக்கா அதை வாங்கிக்கொண்டு, "நல்லா வருவீங்க தம்பி" என்றார். அதற்கு அப்புறம்தான் அதைக் கேட்டார்.

"தம்பி, நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். காலையில காயவச்சப்ப இருந்த எடைக்கும் மத்தியானம் அடுக்குறப்ப இருந்த எடைக்கும் வித்தியாசம் இருக்கு. கூடியிருக்கு. அன்னைக்கு நான் ஸ்டோருக்குப் போனப்ப நீங்க இங்கனதானே இருந்தீங்க. டப்பா மூடி சரியா இருந்துச்சா?"

"நல்லா இறுக்கமா மூடித்தான் இருந்துச்சுக்கா."

"யாரும் திறக்கலையே?"

"நான் பார்த்துக்கிட்டே இருந்தேனே. யாரும் வரல."

அக்கா தலையாட்டிவிட்டு நோட்டை எடுத்தார். 'மூடி இறுக்கமாக இருந்தது, யாரும் திறக்கவில்லை என்று தம்பி சொன்னார்' என்று எழுதி, தேதி போட்டார். பல்லி விழுந்ததை எழுதின அதே கையெழுத்து. நான் சொன்னதும் நடந்ததில் ஒன்றாகிவிட்டது.

அதற்கப்புறம் அவர் பட்ட பாட்டைப் பேராசிரியர் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டப்பாவில் ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீரில் முக்கிப் பார்த்திருக்கிறார். தராசைச் சந்தேகப்பட்டிருக்கிறார், அடுப்பைச் சந்தேகப்பட்டிருக்கிறார், பிசினைச் சந்தேகப்பட்டிருக்கிறார். அடுத்த மழைக் காலம் வந்ததும், வேண்டுமென்றே மூடியைத் திறந்து வைத்து, கால் மணி, அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று நார் எவ்வளவு ஈரம் இழுக்கிறது, அதனால் தகடு எவ்வளவு பலம் இழக்கிறது என்று அளந்து தள்ளிவிட்டார். பாறைத் துணியை வெளிப் பக்கம் போர்த்தி, கற்றாழையை உள்ளே வைத்தால் தகடு எவ்வளவு தாக்குப் பிடிக்கும் என்பதுவரை போய்விட்டார். "அந்த ஒரு தகடு கெட்டதுல இருந்து ஒரு ஆராய்ச்சியையே கிளப்பிருச்சுப்பா இந்தம்மா" என்றார் பேராசிரியர். போனை வைத்தேன். நான் கெடுத்ததுகூட அவர் கைக்குப் போனால் விளங்கிவிடுகிறது. இதற்கு என்ன செய்வது?

அந்த ஆராய்ச்சிக்கு வாய்மொழித் தேர்வு நடந்தபோது எனக்கும் அழைப்பு வந்தது. அந்தத் தேர்வை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். முன் வரிசையில் அக்காவின் வீட்டுக்காரர், வெள்ளைச் சட்டையில், எதுவும் புரியாமல், எல்லாம் புரிந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள். வெளியே தேர்வு முடிந்ததும் கொடுப்பதற்காகக் கேசரி வந்து இறங்கியிருந்தது, வாசம் உள்ளே வந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் திரையில் ஒரு வரைபடம் வந்தது. மூடி எவ்வளவு நேரம் திறந்திருந்தது, நார் எவ்வளவு எடை கூடியது என்று காட்டுகிற கோடு. அக்காவின் வரைபடங்களில் புள்ளிகள் இவ்வளவு ஒழுங்காக நின்று நான் பார்த்ததே இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் கோட்டை விட்டு விலகி, இடது ஓரத்தில் உயரத்தில் தனியாகக் கிடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அதன் மீது சிவப்பு வெளிச்சத்தை வைத்தார்.

"இது என்னம்மா தனியா நிக்குது?"

"அது மூடியே திறக்காத டப்பா சார். ஆனா எடை கூடியிருந்துச்சு. காரணம் தெரியலைன்னு எழுதியிருக்கேன்."

"மூடின டப்பாவுல ஈரம் எப்படிம்மா ஏறும்? இது நிஜம்னா, காத்துல இருந்துதான் ஈரம் வருதுன்னு நீங்க சொன்ன மொத்தமும் அடிபடுதே. ஒண்ணு இந்தப் புள்ளியை எடுங்க. இல்லைன்னா காரணத்தைக் கண்டுபிடிச்சு மறுபடி எழுதிக் கொண்டாங்க. இப்படியே என்னால பாஸ் பண்ண முடியாது."

மறுபடி எழுதுவது என்றால் இன்னொரு வருஷம். இன்னொரு வருஷம் மூன்று பஸ். பேராசிரியர், 'எடுத்துருங்கம்மா' என்று வாயை மட்டும் அசைத்தார். எனக்கே தெரிந்தது. அக்காவின் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரிந்தது.

"எடுக்க முடியாது சார். அது நடந்துச்சு" என்றார் அக்கா. "மறுபடி எழுதிக் கொண்டாரேன்."

"மூட மறந்திருப்பீங்க. மனுஷங்கதானே."

"நான் மூடிட்டுத்தான் போனேன் சார். திரும்பி வந்தப்பவும் மூடித்தான் இருந்துச்சு. இடையில அங்க இருந்தவரு, யாரும் திறக்கலைன்னு சொல்லியிருக்காரு. நோட்டுல இருக்கு."

"அவர் சொன்னதை நம்புறீங்களா?"

"அவரு பார்த்தவரு சார். நான் பார்க்கல. எனக்குச் சந்தேகமா இருக்குங்கிறதுக்காக அவரு சொன்னதை எப்படி அடிக்கிறது?"

என் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், 'என்னைச் சந்தேகப்படுகிறாள்' என்று கோபப்பட்டு எழுந்து வெளியே போயிருப்பேன். அந்தக் கதவையும் அடைத்துவிட்டார். கூடத்தில் இருந்த நாற்பது பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயிலில் திரை விலகும்போது பார்க்கிற மாதிரி. பட்டம் கையை விட்டுப் போகிறபோதும் ஒரு மனுஷியால் இப்படி நிற்க முடியுமா?

அப்போது எழுந்தேன். மனசாட்சி உறுத்தியது என்று சொன்னால் அழகாக இருக்கும். உறுத்தியது உண்மைதான், ஆனால் அது முதல் நாளிலிருந்தே உறுத்திக்கொண்டுதான் இருந்தது, அதனால் எழுந்ததில்லை. அந்த நாற்பது பேர் அவரைப் பார்த்த பார்வையை என்னால் பொறுக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லி நிற்கிற அந்த இடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் நிற்க வேண்டும் என்று இருந்தது. அதுதான் என்னைக் கிளப்பியது.

"மூடி திறந்திருந்துச்சு சார். நான்தான் திறந்தேன். கேட்டப்ப பொய் சொன்னேன்" என்றேன்.  பேராசிரியர் என்னைப் பார்த்துவிட்டு உடனே தரையைப் பார்த்தார். அக்காவின் மகள் திரும்பி, நான் யார் என்று தேடினாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். திட்டுவார், அழுவார், அல்லது 'பரவாயில்லை தம்பி' என்று சொல்லி என்னை மறுபடி ஒரு தடவை சின்னவனாக்குவார். எதற்கும் தயாராகத்தான் நின்றேன். அக்கா மேஜையிலிருந்த பையில் கை விட்டு நீள நோட்டை எடுத்தார். ஓரம் தேய்ந்த அந்தப் பழைய நோட்டுதான். பக்கம் தேடாமலே பிரித்தார்.

"எம்புட்டு நேரம் தம்பி?"

"என்னக்கா?"

"மூடி. எம்புட்டு நேரம் திறந்திருந்துச்சு?"

"ஒரு... அரை மணி நேரம் இருக்கும்க்கா."

அக்கா எழுதப் போனவர் நிறுத்தினார். திரைக்குப் பக்கத்தில் போய், தனியாகக் கிடந்த அந்தப் புள்ளியில் விரலை வைத்தார். விரலைப் படுக்கையாக நகர்த்திக்கொண்டே போய், கோட்டைத் தொட்டதும் அங்கிருந்து நேராகக் கீழே இறக்கினார். கீழே நேரம் எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக.

"அரை மணி நேரத்துல இம்புட்டு ஏறாது தம்பி. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

இரண்டு டீ. நடுவில் மழை வலுத்தபோது கடைக் கூரைக்குக் கீழே நின்ற நேரம். திரும்பி வந்து மூடியை அமுக்கியபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த முள் நின்ற இடம் இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது.

"ஒண்ணரை மணி நேரம்க்கா."

விரல் நின்ற இடமும் அதுதான்.

"ஜன்னல்?"

"அதையும் நான்தான் திறந்தேன்."

அக்கா எழுதிக்கொண்டார். மேலே, யாரும் திறக்கவில்லை என்று நான் சொன்ன பழைய வரியை அடிக்கவில்லை, அதற்கு நேர் கீழே எழுதி, தேதி போட்டார்.